பெயர்ப்பிழையைத் திருத்தும் பொறுப்பு யாருடையது?

2023 அக்டோபர் 1ஆம் தேதியிலோ அதற்குப் பிறகோ இந்தியாவில் பிறந்த ஒருவர், தன் பிறந்த தேதியையும் இடத்தையும் நிறுவ வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் பிறப்புச் சான்றிதழைத்தான் நீட்ட வேண்டும். பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசுப் பணி, பாஸ்போர்ட், ஆதார் என்று அந்த ஆண்டு திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் ஒரு பட்டியலே தருகிறது. 2025 பிப்ரவரியில் பாஸ்போர்ட் விதிகளும் அதற்கேற்ப மாறின. இந்தக் குழந்தைகளின் பிறந்த தேதிக்கு வேறு எந்த ஆவணமும் ஆதாரமாகாது. அவர்களில் மூத்தவர்கள் 2026இல் மூன்று வயது முடித்து மழலையர் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களுடைய முதல் ஆவணத்தில் ஓர் எழுத்து பிசகியிருந்தால், பின்னால் வரும் எல்லா ஆவணங்களிலும் அந்தப் பிசகு படியெடுக்கப்படும். அப்படி நேர்ந்தால் அதைச் சரிசெய்ய அலைய வேண்டியவர் யார்? இன்றைய நடைமுறையில் பெற்றோர்தாம். அது தவறான இடத்தில் இறக்கி வைக்கப்பட்ட சுமை என்பதும், பெயரை எழுதிய அலுவலகமே அதைத் தாங்க வேண்டும் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

பிறப்புப் பதிவேடு எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதிலிருந்து பார்த்தால்தான் சிக்கலின் அடி தெரியும். தன்விருப்பப் பதிவுக்கான சட்டம் ஒன்றை ஆங்கிலேய அரசு 1886இல் கொண்டுவந்தது. சென்னை மாகாணம் 1899இல் பிறப்பு இறப்புப் பதிவுக்கெனத் தனிச்சட்டம் இயற்றிக்கொண்டது. காலராவும் பெரியம்மையும் ஊர்களை வாரிக்கொண்டுபோன காலம் அது. எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் எதனால் இறந்தார்கள் என்ற கணக்கு அரசுக்குத் தேவைப்பட்டது. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பொது சுகாதாரத் துறை இயக்குநரே பிறப்பு இறப்புத் தலைமைப் பதிவாளராக இருப்பதும், கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலரிடமும் நகரத்தில் சுகாதார ஆய்வாளரிடமும் பதிவேடு இருப்பதும் அந்தப் பழைய தேவையின் தடயங்கள். எண்ணிக்கைக்குப் பெயர் அவசியமில்லை. ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று குறித்தால் போதும். நாடு முழுவதற்குமான 1969ஆம் ஆண்டுச் சட்டமும் பெயரில்லாமல் பிறப்பைப் பதிய இடம் தருகிறது. பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று அதன் 14ஆம் பிரிவு சொல்கிறது. பழைய பதிவேடுகளில் பெயர்க்கட்டம் காலியாகக் கிடப்பவர்கள் ஏராளம். அவர்களுக்காகத் தமிழ்நாட்டில் பெயர் சேர்க்கும் காலக்கெடு ஒருமுறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆக, பெயரை ஒரு துணைத் தகவலாக மட்டும் நினைத்து வடிவமைத்த ஏட்டை, ஒருவருடைய அடையாளம் முழுவதற்கும் வேராக 2023இல் ஆக்கியிருக்கிறோம். நோக்கம் மாறிய அளவுக்குப் பெயரை எழுதும் முறையும் சரிபார்க்கும் முறையும் மாறவில்லை.

பிழை எங்கே நுழைகிறது? தமிழ்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி வீட்டில் பிறந்தால் வீட்டின் தலைவர் தகவல் தர வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அங்கே பொறுப்பில் இருக்கும் மருத்துவ அலுவலரோ அவர் அதிகாரம் அளித்தவரோ தகவல் தர வேண்டும். இந்த ஒரு வரியைப் பலர் கவனிப்பதில்லை. மருத்துவமனைப் பிரசவத்தில் பதிவாளருக்குத் தகவல் தருபவர் சட்டப்படி தாயும் அல்லர், தந்தையும் அல்லர். பிரசவ வார்டில் படிவம் ஒன்று கைக்குக் கை மாறுகிறது. அம்மா மயக்கம் தெளியாமல் இருப்பார். பாட்டியோ சித்தப்பாவோ வாயால் சொல்ல, செவிலியரோ எழுத்தரோ எழுதிக்கொள்வார். அந்தக் கையெழுத்தைப் பார்த்து இன்னொருவர் கணினியில் தட்டுவார். தாயின் பெயர் அதற்கும் முன்பே, கர்ப்பத்தைப் பதிவு செய்து 'பிக்மி' எண் வாங்கும்போதே எங்கோ ஓர் எழுத்துக்கூட்டலில் ஏறியிருக்கும். சொன்ன வாய் ஒன்று, எழுதிய கை ஒன்று, தட்டிய விரல் ஒன்று. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பெற்றோருக்கு எந்தக் கட்டத்திலும் உறுதியான வாய்ப்பு இல்லை. சான்றிதழ் கைக்கு வரும்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்கள். அதற்குள் பதிவு முடிந்துவிடுகிறது.

இதற்கு மேல் இரண்டு எழுத்து முறைகளின் இடைவெளி இருக்கிறது. தமிழ்நாட்டுச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரைத் தாங்கி வருகிறது. தமிழில் க, ச, ட, த, ப ஆகிய ஒவ்வோர் எழுத்தும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிகளுக்கு இடம் தரும். ஆங்கிலத்திலோ தமிழின் ழகரத்துக்கும் ளகரத்துக்கும் ணகரத்துக்கும் தனி எழுத்தே இல்லை. தீபா என்ற இரண்டெழுத்துப் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தால் தொடங்கலாம், அதனோடு 'எச்' சேர்த்துத் தொடங்கலாம், இருபதாம் எழுத்தோடு 'எச்' சேர்த்தும் தொடங்கலாம். அடுத்த நெடிலுக்கு இரட்டை 'இ' போடலாம், ஒற்றை 'ஐ'யும் போடலாம். அதற்குள்ளேயே ஆறு வடிவங்கள் வந்துவிடுகின்றன. ஆறையும் தமிழர்கள் தீபா என்றுதான் படிப்பார்கள். (அந்த நான்காம் எழுத்தையும் இருபதாம் எழுத்தையும் பெயர் சொல்லித் தமிழில் எழுதினால் இரண்டுமே 'டி'தான் என்பதையும் இங்கே கவனிக்கலாம். தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்லித் தந்த பெயர்கூடத் தப்பாக ஏறுவது இதனால்தான்.) கயல்விழியின் ழகரம் ஓர் அலுவலகத்தில் 'எல்' ஆகும், இன்னொன்றில் 'இசட்-எச்' ஆகும். செந்தில்குமார் ஒரு சொல்லா இரு சொல்லா என்பதைத் தட்டச்சு செய்பவரின் கட்டைவிரல் தீர்மானிக்கிறது. இடையில் ஓர் இடைவெளி விழுந்தால் பின்னாளில் பாஸ்போர்ட் படிவத்தில் குமார் குடும்பப்பெயராகிவிடுகிறது. முகமது, முஹம்மது, மொகம்மது என்று தமிழிலேயே பல வடிவில் வழங்கும் பெயர் ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்தப் பன்மை இன்னும் பெருகுகிறது. தமிழ் வடிவமும் தப்புவதில்லை. இளவரசி இலவரசி ஆவதும், ரகரம் றகரம் இடம் மாறுவதும் அன்றாடம் நடப்பவை. அப்பா பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகப் போடும் நம் வழக்கம் இன்னொரு சிக்கல். தமிழில் ஒரே எழுத்தாக இருப்பதை ஆங்கிலத்தில் எந்த எழுத்தாக மாற்றுவது என்பது அப்பாவின் சொந்த ஆவணத்தைப் பார்த்தால்தான் தெரியும், பார்க்காமலே போட்டுவிடுகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரே தீர்வு, ஒலிபெயர்ப்புக்கு அரசே ஒரு நிலையான விதியை வகுத்து எல்லோர் பெயரையும் அதன்படி எழுதுவது என்று மொழியில் அக்கறை உள்ளவர்கள் சிலர் சொல்வதுண்டு. அந்த யோசனை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று இருக்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு நெருக்கமாக மாற்றும் ஆணையை வெளியிட்டது. நல்ல நோக்கத்தோடு செய்ததுதான். ஆனால் வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி அது எழுதியிருந்தது. தூத்துக்குடியும் கோயம்புத்தூரும் எழுத்துகள் இரட்டித்து நீண்டுபோயின. எதிர்ப்பு கிளம்ப, சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. யாருக்கும் சொந்தமில்லாத ஊர்ப்பெயருக்கே இந்தக் கதி என்றால், தலைமுறையாக ஒரு குடும்பம் எழுதிவரும் ஆள்பெயரை விதியால் அடக்கிவிட முடியாது. அப்பாவின் ஆதாரில் ஒரு கூட்டல், பெரியப்பா மகனின் பாஸ்போர்ட்டில் இன்னொரு கூட்டல் என்று இருக்கும் வீட்டில், குழந்தையின் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று அந்த வீடுதான் சொல்ல முடியும். ஆங்கில எழுத்துக்கூட்டல் பெற்றோரின் தேர்வு. அதைக் கேட்டு எழுதுவது அலுவலகத்தின் வேலை.

சரி, பிழை ஏறிவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது? பொதுவாக நினைப்பதைவிட அது தாராளமாகவே இருக்கிறது. 1969 சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, ஒரு பதிவு வடிவத்திலோ பொருளிலோ பிழையானது என்று பதிவாளருக்கு மனநிறைவாக நிறுவப்பட்டால் அவரே அதைத் திருத்தலாம். மூலப் பதிவை அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதி, கையொப்பமிட்டு, தேதி போட வேண்டும். எழுத்துப் பிழை, வடிவப் பிழை என்றால் பதிவாளர் தாமே விசாரித்துத் திருத்திவிடலாம் என்று விதிகள் சொல்கின்றன. பொருளையே பாதிக்கும் பிழை என்றால், விவரம் அறிந்த நம்பகமான இருவர் உண்மையை எடுத்துச் சொல்லும் உறுதிமொழி வேண்டும். நீதிமன்றம் இதில் எங்குமே வரவில்லை. ஆனால், "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்று அனுப்பிவிடும் அலுவலகங்கள் இன்றும் இருக்கின்றன. அதிகாரம் பதிவாளரிடமே உள்ளது என்பதை உயர் நீதிமன்றங்கள் பலமுறை நினைவூட்ட வேண்டியிருந்ததே இதற்குச் சாட்சி. ஒரு வருடத்துக்கு மேல் தாமதமான பிறப்பைப் புதிதாகப் பதியத்தான் நீதித்துறை நடுவரின் ஆணை தேவைப்பட்டது. 2023 திருத்தம் அந்த அதிகாரத்தையும் மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. தாமதப் பதிவுக்கான நடைமுறையைப் பெயர்த் திருத்தத்தின் மேல் ஏற்றிச் சொல்வதால்தான் பாதிக் குடும்பங்கள் வழக்கறிஞரைத் தேடி ஓடுகின்றன.

சட்டம் தாராளமாக இருந்தும் நடைமுறை இறுகிப்போனது ஏன்? கேட்கும் ஆதாரங்களைப் பாருங்கள். குழந்தையின் பெயர் இதுதான் என்பதற்கு வேறோர் ஆவணம் கொண்டுவரச் சொல்கிறார்கள். இரண்டு மாதக் குழந்தைக்கு வேறு என்ன ஆவணம் இருக்கும்? பிறப்புச் சான்றிதழைக் காட்டித்தான் குழந்தைக்கு ஆதார் எடுக்க வேண்டும். பிழையோடு ஆதார் எடுத்துக்கொண்டு போனால், "ஆதாரிலும் இப்படித்தானே இருக்கிறது" என்கிறார்கள். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் இரண்டு முறைதான் வாய்ப்பு. அதில் ஒன்று அலுவலகப் பிழைக்காகவே செலவாகிவிடுகிறது. முப்பது வயதில் விண்ணப்பிப்பவருக்குக் கதை தலைகீழ். அவரிடம் ஆவணங்களுக்குக் குறைவில்லை, ஆனால் மாற்றுச் சான்றிதழில் ஒன்று, மதிப்பெண் சான்றிதழில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று என எழுத்துக்கூட்டல் வேறுபடுகிறது. எதை நம்புவது என்று கேட்டுக் கோப்பை மூடுகிறார்கள். குழந்தைக்கு ஆவணம் இல்லாததும் பெரியவருக்கு ஆவணம் மிகுந்திருப்பதும் ஒரே மறுப்பில் போய் முடிகின்றன. இதில் பதிவாளரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. திருத்திக் கொடுத்து அது நாளைக்கு மோசடி என்று தெரிந்தால் விசாரணை அவர் மேல் வரும். திருத்த மறுத்து ஒரு குடும்பம் ஆறு மாதம் அலைந்தால் அவரை யாரும் கேட்கப் போவதில்லை. மறுப்பதே பாதுகாப்பு என்று ஓர் அமைப்பு கற்றுக்கொடுத்தால் மனிதர்கள் அதைத்தான் செய்வார்கள்.

ஓர் எழுத்துதானே, அப்படியே விட்டுவிட்டு வாழ்ந்தால் என்ன என்ற கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். முந்தைய தலைமுறைகள் அப்படித்தான் வாழ்ந்தன. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் நோட்டரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்துக்கொண்டால் வங்கி மேலாளர் தலையாட்டிவிடுவார். ஆளைப் பார்த்து முடிவெடுக்கும் காலம் அது. இன்றைக்கு இரண்டு தரவுத்தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஓர் எழுத்து கூடினாலும் ஒரு புள்ளி குறைந்தாலும் கணினிக்கு இருவரும் வேற்றாள். ஒரு பத்திரம் ஓர் அலுவலகத்தில் அன்றைய தடையை மட்டும் தாண்ட உதவும். அடுத்த அலுவலகம் புதிதாக ஒன்று கேட்கும். உயர்கல்விக்கு வெளிநாடு போகும் மாணவருக்கும் முதியோர் ஓய்வூதியம் கேட்கும் பாட்டிக்கும் ஒரே தொல்லை. இது எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதை அசாம் காட்டியது. வெளிநாட்டவர் என்று தீர்ப்பாயம் அறிவித்திருந்த ஒருவரை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்தியக் குடிமகன் என்று அறிவித்தது. குடும்ப ஆவணங்களில் பெயரின் எழுத்தும் தேதியும் சிறிது வேறுபட்டதே அவருக்கு எதிராக வைக்கப்பட்ட காரணங்களில் முக்கியமானது. பட்டியல் எழுதுபவரின் உச்சரிப்புப்படி பெயர் மாறுவது இந்நாட்டில் இயல்பு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தீர்ப்பாயத்தின் அறிவிப்புக்கும் அந்த ஏற்புக்கும் இடையே 12 ஆண்டுகள் கடந்துவிட்டன. தமிழ்நாட்டில் அந்த அளவு ஆபத்து யாருக்கும் இல்லை என்றாலும், ஓர் எழுத்து அற்பம் என்று சொல்ல இனி யாருக்கும் உரிமையில்லை.

பெற்றோரின் கவனக்குறைவுக்கு அலுவலகம் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. படிவத்தில் கையெழுத்துப் போட்டது அவர்கள்தானே என்பது அவர்களுடைய வாதம். கையெழுத்துப் போட்டது உண்மையாக இருக்கலாம். ஆனால் தகவல் தரும் பொறுப்பைச் சட்டம் மருத்துவமனையிடம் வைத்திருக்கிறது, எழுத்தைத் தட்டும் வேலையை அலுவலகம் செய்கிறது, ஆங்கில வடிவம் என்னவென்று கேட்கும் பழக்கமே பல இடங்களில் இல்லை. கேட்கப்படாத கேள்விக்குத் தவறான விடை சொன்னதாக ஒரு தாயைக் குற்றம் சாட்ட முடியாது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பெற்றோர் சான்றிதழின் தமிழ் வரியைப் பார்த்துச் சரி என்று சொல்லியிருப்பார். அடுத்த வரியில் உள்ள பிழை பிள்ளை பத்தாம் வகுப்பு வரும்போதுதான் அந்த வீட்டுக்குத் தெரியவரும். படிப்பறிவு குறைந்த வீட்டின் மேல்தான் இந்தப் பாரம் மிகுதியாக விழுகிறது. கூலி வேலையை விட்டுவிட்டு ஒருவர் மூன்று முறை நகராட்சிக்கு வந்துபோவதன் விலை, அதே வேலையைக் கைப்பேசியில் முடிக்கத் தெரிந்தவர் கொடுக்கும் விலையைவிடப் பல மடங்கு.

மோசடி பற்றிய அச்சம் இதைவிடக் கனமான எதிர்வாதம். திருத்தத்தை எளிதாக்கினால் வயதைக் குறைத்து வேலை வாங்குபவர்களும், தந்தை பெயரை மாற்றிச் சொத்து கேட்பவர்களும் வரிசையில் நிற்பார்கள் என்கிறார்கள். அந்த ஆபத்து உண்மையானது. அதனால்தான் எல்லாத் திருத்தத்தையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது. பிறந்த தேதி மாறினால் ஓய்வு பெறும் ஆண்டு மாறும். பெற்றோர் மாறினால் வாரிசுரிமை மாறும். அங்கே கடுமையான விசாரணை வேண்டும், இருக்கட்டும். பெயரின் எழுத்துக்கூட்டல் மாறினால் யாருடைய உரிமை பறிபோகிறது? இதைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று போதும்: ஆங்கிலத்தில் உள்ள பழைய வடிவையும் புதிய வடிவையும் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பெயராக வந்தால் அது எழுத்துப் பிழை. பதிவாளர் அன்றைக்கே திருத்தலாம். வேறு பெயராக வந்தால் அடுத்த கட்ட விசாரணைக்குப் போகலாம். இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. காந்தி என்று எழுதினால் மகாத்மாவின் பெயரும் வரும், ஒளி என்ற பொருள் தரும் காந்தியும் வரும். பானுவிலும் இப்படி இரு பெயர்கள் ஒளிந்திருக்கின்றன. அங்கே பெற்றோரின் உறுதிமொழிதான் தீர்க்க வேண்டும். மேலும், மூலப் பதிவு அழிக்கப்படாமல் ஓரக்குறிப்பாகவே திருத்தம் ஏறுவதால், யார், எப்போது, எதை மாற்றினார் என்பது என்றைக்கும் தெரியும். மோசடி செய்பவர் விரும்புவது தடயமில்லாத மாற்றத்தை. தடயம் விடும் திருத்தத்தை எளிதாக்குவதில் அவருக்கு லாபமில்லை.

திருத்தம் என்ற பெயரில் பெயர் மாற்றம் நுழையும் என்பது இதை ஒட்டி எழும் கேள்வி. எண் கணிதம் பார்த்து ஓர் 'ஏ' கூட்டுவது நம் ஊரில் பரவலான வழக்கம். ஒருவர் தானே விரும்பிப் பெயரை மாற்றிக்கொள்வதும், சொன்ன பெயரை அலுவலகம் தப்பாக எழுதியதும் வேறு வேறு. முன்னதற்கு எழுதுபொருள் அச்சுத் துறை வெளியிடும் தமிழ்நாடு அரசிதழ் இருக்கிறது, அந்த வழியில்தான் போக வேண்டும். 2021 ஜூனில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியச் சான்றிதழ்கள் பற்றிய வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக விளக்கியது. பெயர் ஒருவருடைய அடையாளத்தின் கூறு, அதன் மேல் அவருக்குள்ள கட்டுப்பாடு அரசியலமைப்பு தரும் பேச்சுரிமையோடும் வாழ்வுரிமையோடும் சேர்ந்தது என்றது. பிறப்புச் சான்றிதழ் போன்ற பொது ஆவணத்துக்கு இசைய மதிப்பெண் சான்றிதழைத் திருத்தித் தர வாரியம் மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பால் பிறப்புச் சான்றிதழ் மற்ற ஆவணங்களைத் திருத்தும் அளவுகோல் ஆகிவிட்டது. அளவுகோலிலேயே கோணல் இருந்தால் எதைக் கொண்டு அதை நேராக்குவது? பெற்றோர் வாய்ச்சொல்லைத் தவிர அதற்கு முந்தைய சான்று ஒன்றும் உலகத்தில் இல்லை. ஆகவே முதல் வருடத்துக்குள் கேட்கப்படும் எழுத்துக்கூட்டல் திருத்தத்துக்குத் தாயோ தந்தையோ எழுதித் தரும் ஒரு தாள் போதும் என்று விதியிலேயே எழுத வேண்டும். எண் கணிதத்துக்காகச் சிலர் அதைப் பயன்படுத்திக்கொண்டால்தான் என்ன? பால் மறக்காத குழந்தையின் பெயரில் ஓர் எழுத்து கூடுவதால் யாருக்கும் நட்டமில்லை. ஒரே ஒரு முறை என்று வரம்பு வைத்துக்கொள்ளலாம்.

திருத்துவதைவிடத் தவறாமல் எழுதுவது மலிவு. அதற்கான முன்மாதிரியும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் அரசுத் தேர்வுகள் இயக்ககம் மாணவர் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கப் பள்ளிகளுக்கு அவகாசம் தருகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி எல்லாம் சரியா என்று பெற்றோரிடம் காட்டி, உறுதிசெய்த பிறகே மதிப்பெண் சான்றிதழ் அச்சாகிறது. பதினைந்து வயதில் லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குச் செய்ய முடிவதைப் பிறந்த வாரத்தில் செய்ய முடியாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. வார்டை விட்டு வெளியேறும் முன் இரண்டு மொழியிலும் அச்சிட்ட வரைவை ஆங்கிலத்தை வாசித்துக் காட்டித் தாயிடம் ஒப்புதல் வாங்கலாம். பெயர் இன்னும் வைக்காதவர்களுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பின்னர் பெற்றோர் கைப்பட எழுதித் தருவதை அப்படியே ஏற்றலாம். பதிவு முடிந்து ஏழு நாள்களுக்குள் சான்றிதழ் தர வேண்டும் என்று திருத்தச் சட்டம் அவசரப்படுத்துகிறது. அந்த அவசரம் நல்லதுதான். வரைவைப் பார்க்கும் ஒரு நாளை அதற்குள் சேர்த்துக்கொள்வது பெரிய காரியமல்ல. திருத்தம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டும். வாய்மொழி மறுப்புக்கு மேல்முறையீடு செய்வது கடினம் என்பதால்தான் அவ்வளவு மறுப்புகள் வாய்மொழியாகவே நிற்கின்றன.

இவையெல்லாம் விதியில் ஏறும்வரை, இன்றைய சட்டத்திலேயே பெற்றோர் கையில் இருப்பவை சில உண்டு. பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரத்தில் ஒன்றைச் சொல்லாதீர்கள். பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்துவிட்டு 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். சேர்க்கும்போது தமிழ் வடிவையும் ஆங்கில வடிவையும், தந்தை தாய் பெயர்களை அவர்களுடைய ஆதாரில் உள்ளபடியும், தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து அதன் நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். சான்றிதழ் வந்த அன்றே இரண்டு மொழியிலும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பிழை இருந்தால் குழந்தைக்கு ஆதார் எடுக்கும் முன் திருத்தக் கேளுங்கள். விண்ணப்பத்தில் 15ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். 2023 திருத்தம் சேர்த்த 25-ஏ பிரிவின்படி, பதிவாளரின் ஆணையை எதிர்த்து 30 நாள்களுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். 90 நாள்களுக்குள் அவர் முடிவு சொல்லியாக வேண்டும்.